அட்டிகையின் மாற்று

என் கல்யாணத்துக்கு அட்டிகை வாங்கியது கடையில் அல்ல, குற்றாலத்தில். ஐம்பத்து மூன்றாம் வருஷத்துச் சாரல் காலம் அது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. மாப்பிள்ளை தென்காசியில் பேசி முடித்தாயிற்று. இலத்தூரிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் வில்வண்டியில் குளிக்கப் போயிருந்தோம்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும்போது அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வழியில் நிறுத்திச் சொன்னார். மலையாளத்துப் பக்கத்துப் பெரிய குடும்பம் ஒன்று சீசனுக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறது. கைமுடையில் பழைய நகை ஒன்றை விற்கிறார்கள். அட்டிகை, நடுவில் வைரப் பதக்கம். கடை விலையில் முக்கால் பங்குக்குக் கிடைக்கும் என்றார். அப்பா யோசித்தார். எங்களுக்கு வயல் இருந்தது, கோயில் காரியங்களில் அப்பாவுக்கு முதல் மரியாதை இருந்தது. ஆனால் வைரம் வாங்குகிற வசதி இல்லை. தென்காசிக்காரர்கள் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லைதான். "பொண்ணுக்கு நீங்க செய்யாமயா இருப்பிய" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல் நாலு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். நகையைக் கொண்டுவந்தவர் வெள்ளை வேட்டி கட்டி, சந்தனம் இட்டு, மெதுவாகப் பேசினார். சிவப்புக்கல் வரிசைக்கு நடுவே பதக்கம். பதக்கத்தில் ஏழு வெள்ளைக் கற்கள். அப்பா அதை ஜன்னலருகே கொண்டுபோய்த் தூக்கிப் பார்த்தார். வெளியே சாரல், வெயிலே இல்லை. கல்லில் எதைப் பார்ப்பது என்று அப்பாவுக்குத் தெரியாது என்பது எனக்கே தெரிந்தது. நல்ல நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

அம்மா மட்டும் காதோடு சொன்னாள். "தென்காசியில ஒரு பத்தர்ட்ட காட்டிட்டு வாங்குவமே."

"இந்த மனுஷர் முகத்துக்கு முன்னால, உரசிப் பாத்துட்டு வாரேன்னு சொல்லச் சொல்லுதியா?" என்றார் அப்பா. "அவியளே கஷ்டத்துல விக்காவ. நாம வேற சந்தேகப்படணுமா?"

அன்றே பேசி, மறுநாள் பணம் கொடுத்து வாங்கிவிட்டார். அப்பா ஏமாந்தாரா, இல்லை அந்த விலைக்கு வருவது எப்படிப்பட்ட நகையாக இருக்கும் என்று உள்ளூரத் தெரிந்தேதான் உரசாமல் வாங்கினாரா? இதை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

தை மாதம் கல்யாணம். தென்காசி வீட்டில் அந்த அட்டிகைக்குத்தான் எனக்கு இருந்ததைவிட அதிக வரவேற்பு. அத்தை அதைக் கையில் நிறுத்துப் பார்த்து, "எங்க தெருவுல இந்த மாதிரி ஒண்ணு கெடையாது" என்றாள். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். யார் வீட்டு விசேஷம் என்றாலும் "அட்டிகையப் போட்டுக்கிட்டு வாட்டி" என்பாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை; நான் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. மதினி, மதினி என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். நான் அட்டிகையைக் கழற்றி வைத்தால் உடனே எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக் கண்ணாடி முன்னால் நிற்பாள். அது அவளுக்கு நெஞ்சு வரை தொங்கும்.

ஐம்பத்து ஏழில் அட்டிகையின் கொக்கி அறுந்தது. அத்தை தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த சமயம். நாத்தனார் பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரர் ஆபீஸில். பக்கத்துத் தெருவில் இருந்த பத்தரைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம். தெருவில் எல்லா வீட்டுக்கும் அவர்தான் நகை வேலை. முன்கட்டில் உட்கார்ந்து, சின்ன விளக்கை ஏற்றி, ஊதுகுழலால் கொக்கியில் பற்றவைக்க ஆரம்பித்தார். சூடு பட்டதும் நகையின் பின்பக்கத்து இணைப்பிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்தது. வீடெங்கும் வாடை.

பத்தர் ஊதுவதை நிறுத்தினார்.

"உள்ள அரக்கு இருக்கும்மா" என்றார். "கல் வச்ச நகையில கொஞ்சம் அரக்கு இருக்கத்தான் செய்யும். ஆனா இது நெறைய. எடையில பாதி அரக்கா இருக்கும் போலிருக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் நகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க சங்கிலியக் கொஞ்சம் தாங்க" என்றார். பையிலிருந்து கறுப்பு உரைகல்லை எடுத்து, என் சங்கிலியால் ஒரு கோடு, அட்டிகையின் ஓரத்தால் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார். எனக்கு இரண்டும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. பிறகு ஒரு குப்பியிலிருந்து திராவகத்தைத் தொட்டு இரண்டின் மேலும் வைத்தார். சங்கிலிக் கோடு அப்படியே நின்றது. அட்டிகைக் கோடு பச்சை பாரித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப் போனது.

"பன்னெண்டு காரட் தேறுனா அதிகம். மேல நல்ல முலாம் குடுத்திருக்கான்."

"கல்லு?" என்றேன்.

அவர் பதக்கத்தின் மேல் வாயால் ஊதினார். கற்கள் மேல் ஆவி படர்ந்தது. "வைரம்னா இது ஒடனே மறைஞ்சிரும். பாருங்க, இன்னும் நிக்கி." பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, நடுக்கல்லின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். விளிம்பு மழுங்கித் தேய்ந்திருந்தது. "வைரம் தேயாதும்மா. இது வெள்ளைக்கல்லு. பின்னால தகடு வச்சு மூடியிருக்காம்லா, அதனால மின்னுது. பின்பக்கம் தெறந்து கல்லு பதிச்சிருந்தா எவனும் ஏமாறமாட்டான்."

நான் அழவில்லை. முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அத்தைக்குத் தெரிந்தால் அப்பா இந்த வீட்டு வாசற்படி ஏற முடியாது.

"பத்தரே, இத யார்ட்டயும் சொல்லக்கூடாது" என்றேன். "எங்க அப்பா மானம் போயிரும்."

"நான் எதுக்குச் சொல்லுதேன்? உங்க நகை, உங்களோட இருக்கப் போவுது. போட்டுக்கிடுங்க." அரக்கைத் துடைத்து, கொக்கியை வைத்துக் கொடுத்தார். நான் சும்மா விடவில்லை. அவர் குழந்தைகள் மேல் சத்தியம் கேட்டேன். தயங்கிவிட்டுச் செய்தார். அந்தச் சத்தியத்தை அவரிடம் வாங்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அப்பா அதற்குப் பிறகும் பொங்கலுக்கும் ஆடிக்கும் வந்து போனார். ஒவ்வொரு தடவையும் என் கழுத்தைப் பார்ப்பார். "அட்டிகை போடலையாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அது வெறும் பிரியமா, பயமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அறுபதில் இறந்துபோனார்.

அறுபத்து மூன்றாம் வருஷம் தொடக்கத்தில் அந்தச் சட்டம் வந்தது: பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. பதினாலு காரட் வெளுத்துப்போய் இருக்கிறது, பித்தளை மாதிரி நிறம் என்றார்கள். நகை வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் வேலையில்லாமல் உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் நாத்தனாருக்குச் சிவகிரியில் மாப்பிள்ளை முடிந்து, வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள்: "இப்பச் செய்யுத நகை வேண்டாம். வீட்டுல இருக்கிற பழைய தங்கமா போட்டு அனுப்புங்க."

அத்தை தன் நகைகளை எல்லாம் எடுத்து வைத்தாள். போதவில்லை. ஒருநாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்காருவது வழக்கமில்லை.

"ஏட்டி, உன்னட்ட ஒண்ணு கேப்பேன். இல்லன்னு சொல்லக்கூடாது."

எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த அட்டிகைய அவளுக்குப் போட்டு விடுவோம். அவளுக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே அது மேல ஒரு கண்ணு. உன்னட்டச் சும்மா கேக்கல. அதுக்குப் பதில் ஒரு சங்கிலி செஞ்சு தாரேன். பதினாலு காரட்தான் செய்ய முடியும், என்ன செய்ய? பின்னால சட்டம் மாறட்டும், நல்லதா செஞ்சுக்கிடலாம்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சொல்லியிருந்தால் அத்தை ஒரு வாரம் ஏசியிருப்பாள், இலத்தூரை இழுத்துப் பேசியிருப்பாள், அவ்வளவுதான். பத்து வருஷமாக அந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதை அட்டிகையோடு ஒட்டியது என்று நான் நம்பியிருந்தேன். அது போய்விடும் என்ற பயம் ஒன்று. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த நகை என் கையை விட்டுப் போனால் போதும் என்ற நிம்மதியும் எனக்குள் இருந்தது.

"அவளுக்கு இல்லாததா அத்தை" என்றேன்.

அத்தை என் தலையைத் தடவினாள். தெருவெல்லாம் போய், மருமகள் தன் வைர அட்டிகையை நாத்தனாருக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாள் என்று சொன்னாள். எனக்குக் கிடைத்த பதினாலு காரட் சங்கிலி அந்த அட்டிகையைவிட உயர்ந்த தங்கம் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் நகைகளைக் கழுவி மெருகு போடப் பத்தரைக் கூப்பிட்டார்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேய்த்தார். அட்டிகை வந்ததும் கை ஒரு கணம் நின்றது; என்னை ஏறிட்டுப் பார்த்தார். அத்தை அருகிலேயே இருந்ததால் ஒன்றும் பேசவில்லை. வேலை முடிந்து போகும்போது கைகழுவுகிற சாக்கில் கொல்லைப் பக்கம் வந்தார்.

"அம்மா, இது வேற வீட்டுக்குப் போவுது. உங்களோட இருந்த வரைக்கும் சரி. ஒரு வார்த்த பெரியவிய காதுல போட்ருங்க."

"சொல்லிடுதேன்" என்றேன்.

"கண்டிப்பாச் சொல்லுங்க. நாளைக்கு அவுங்க உரசிப் பாத்தா, அந்தப் பிள்ளைக்குத்தான் கஷ்டம்."

"சொல்லிடுதேன் பத்தரே."

நான் சொல்லவில்லை. நாத்தனார் அட்டிகையோடு மணவறையில் உட்கார்ந்தாள். சிவகிரிக்காரர்களும் அதை உரசிப் பார்க்கவில்லை. அப்பாவைப் போலத்தான் அவர்களும். சம்பந்தி வீட்டு நகையைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள்.

ஒன்றரை வருஷம் எதுவும் நடக்கவில்லை. இனி நடக்காது என்றே நினைத்திருந்தேன். பிறகு, கிணற்றுக்கு மோட்டார் வைப்பதற்காக அவர்கள் அட்டிகையை அடகு வைக்க எடுத்துக்கொண்டு போனார்கள். கடைக்காரர் உரசிவிட்டு, இதை வாங்க மாட்டேன் என்று திருப்பித் தந்துவிட்டார். மறுநாள் காலை நாத்தனாரின் மாமனார் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. துண்டில் சுற்றியிருந்த அட்டிகையை எடுத்து, உள்ளே நுழையாமலே, அத்தை முன்னால் வைத்தார்.

"உங்க மேல தப்பு இருக்காதுன்னு நெனைக்கேன். எங்கனயோ கோளாறு நடந்திருக்கு. என்னன்னு பாருங்க."

அத்தை என் பக்கம் திரும்பினாள். நான் வாய் திறப்பதற்குள், அவள் தானாகவே ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்தப் பத்தர்! அவன்தான் கழுவக் கொண்டு போனான். கல்ல மாத்திட்டான். தங்கத்தையும் மாத்திட்டான்!"

அவர் கழுவ எங்கும் கொண்டுபோகவில்லை. எங்கள் முன்கட்டிலேயே உட்கார்ந்து கழுவினார். ஆனால் அப்போது யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் போய் அவரை அழைத்து வந்தார். வாசலில் ஆள் கூடிவிட்டது. நான் உள்கதவுக்குப் பின்னால் நின்றேன். கதவிடுக்கு வழியாக அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"நான் எதையும் மாத்தல ஆச்சி" என்றார் அவர் அத்தையிடம். "நகை இப்படித்தான் இருந்திச்சு."

"இப்படித்தான் இருந்திச்சா? பொறவு ஏம்லே அன்னைக்கே சொல்லல? பத்து வருஷமா எங்க கண்ணு முன்னால இருந்த நகை!"

அவர் உள்கதவைப் பார்த்தார். நேராக என்னை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. "வீட்டுக்குள்ள கேளுங்க" என்று மட்டும் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. திருடனுக்கு வாயைப் பாரு என்றார் ஒருவர். போலீஸுக்குப் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். சிவகிரிச் சம்பந்திதான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். பெண் விஷயம், வெளியே போக வேண்டாம் என்றார்.

கதவு பாதி திறந்துதான் இருந்தது. நான் நாலு அடி எடுத்து வைத்திருந்தால் போதும். என் கால் நகரவில்லை. இன்றைக்கு வரை என்னால் இதற்கு வேறு காரணம் சொல்ல முடியவில்லை.

அத்தை மேலவயலில் ஒரு பகுதியை விற்று நாத்தனார் பேரில் பணம் போட்டாள். அந்த மட்டில் அவள் வாழ்க்கைக்குப் பங்கம் வரவில்லை, சிவகிரிக்காரர்கள் நல்லவர்கள். பத்தருக்குத்தான் எல்லாம் போனது. சட்டத்தால் ஏற்கெனவே பாதி வேலை போயிருந்தது. மீதிப் பாதி எங்கள் தெருவால் போனது. ஒரு மூக்குத்தித் திருகு கூட யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் மனைவி மக்களோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சாரலுக்கு நாத்தனார் தலைப்பிள்ளைக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு மத்தியானம் எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"மதினி, அந்த நகை முன்னாலயே அப்படியா, இல்ல நெசமாவே பத்தர்தான் செஞ்சாரா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கென்னட்டி தெரியும்?"

"அதான பாத்தேன்" என்றாள். "சிவகிரியில ஒருத்தி, உங்க மதினிக்குத் தெரிஞ்சே குடுத்திருப்பாவன்னு சொன்னா. மதினிக்குத் தெரிஞ்சிருந்தா எனக்குப் போட்டு விடுவாவளான்னு நல்லாத் திருப்பிக் கேட்டுட்டேன்."

அவள் என் பின்னால் இருந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

அறுபத்து எட்டில் அத்தை போனாள். காரியங்கள் முடிந்த பிறகு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அம்மா இருக்கையில சொல்லியிருக்கலாம்லா" என்றார். பிறகு, "அவர நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்" என்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து பத்தர் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

ஆய்க்குடியில் இருந்தார். சைக்கிள் ரிப்பேர்க் கடை. வாடகை சைக்கிளும் உண்டு. நாங்கள் போனபோது பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, கைலித்துணியில் கையைத் துடைத்தார். என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். சொல்ல வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே பாதிதான் வாயில் வந்தது.

"அன்னைக்கு ஒரு வார்த்த போதும்மா" என்றார் அவர். "நீங்க வருவிய வருவியன்னுதான் அந்தக் கதவப் பாத்துக்கிட்டே நின்னேன். பிள்ளைக மேல சத்தியம் வாங்கியிருந்தியளே, எப்படிச் சொல்ல? இப்ப நீங்க எங்கிட்ட சொல்லுதிய. எனக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே. தெருவுல சொல்லுங்க."

காப்பி வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அவரும் வற்புறுத்தவில்லை, மறுபடி உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் முக்கினார்.

நாத்தனாரிடம் அடுத்த தடவை வந்தபோது சொன்னேன். முழுவதையும் கேட்டாள். அழவில்லை, ஏசவில்லை. "சரி மதினி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்தாள். பிறகும் விசேஷங்களுக்கு வந்தாள், பிள்ளைகளை அனுப்பினாள். எனக்குத் தலை பின்ன மட்டும் வரவில்லை.

தெருவில் சொல்லத் துணிவு வர எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நாலு வீடுகளுக்குப் போனேன். முதல் வீட்டில், அது எந்தக் காலத்துக் கதை, இப்ப எதுக்கு என்றார்கள். இரண்டாம் வீட்டில் மருமகள்தான் இருந்தாள். அவளுக்குப் பத்தரையே தெரியாது. மூன்றாவது வீட்டில் என் வயதுக்காரி, அன்று வாசலில் கூடிய கூட்டத்தில் நின்றவள், நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லவ. அதான் பழிய உன் மேல போட்டுக்கிடுத. அந்தப் பத்தர் திருடன்தாம்ட்டி, எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உரைகல்லையும், திராவகத்தையும், கொல்லைப்புறத்தில் அவர் கெஞ்சியதையும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்தாள். நாலாவது வீட்டில் அன்று கதவு பூட்டியிருந்தது. மறுநாளும் போனேன்.